அடைத்த வால்வு

ஏழாவது ஃபில்டருக்குள் கம்பியை விட்டு அழுத்தினேன். டிக் என்றது. எட்டாவதும் டிக். ஒன்பதாவது வாயைத் திறக்கவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியையும் பார்த்தேன். மூன்று தட்டுகளில் இருந்ததையெல்லாம் இறக்கி, மேஜைமேல் வரிசைகட்டி, இருபத்துமூன்றையும் அழுத்திப் பார்த்து முடித்தபோது சத்தம் போடாதது அந்த ஒன்று மட்டும்தான். இரண்டு இருந்திருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. உட்காரத் தோன்றவில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுதான்.

நான் வேலை பார்ப்பது கார்களுக்கு ஆயில் ஃபில்டர் செய்யும் கம்பெனியின் சோதனை அறையில். பத்தொன்பது வருஷமாகிறது. உறவுக்காரர்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "எண்ணெய் வடிகட்டறேன்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையில் செய்வது கொஞ்சம் பைத்தியக்கார வேலைதான். நல்ல எண்ணெயில், மாவாக அரைத்த தூசியைத் தராசில் நிறுத்துக் கொட்டிக் கலக்கி, ஃபில்டர் வழியாக ஓடவிட்டு, எவ்வளவு தூசி பிடிபட்டது, எவ்வளவு தப்பியது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எண்ணுவதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. அதை நம்பலாமா என்று எண்ணுவதற்கு நான் இருக்கிறேன்.

தூசியைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. ஃபில்டருக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம் இருக்கிறது. அதன் கண்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒருநாள் தூசி மொத்தமும் பிடிபட்டுவிடும். அன்றைக்கு எண்ணெயும் பிடிபட்டுவிடும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அந்தச் சின்னக் கண்களில் நுழையாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் எஞ்சின் எண்ணெய்க்காகக் காத்திருக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு ஃபில்டருக்குள்ளும் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வு. எண்ணெய் முட்டி நின்றால் அது திறந்து, வடிகட்டாமலே அனுப்பிவிடும். போவது அழுக்கு எண்ணெய்தான், ஆனாலும் போகும். அழுக்கு எண்ணெயில் ஒரு எஞ்சின் வருஷக்கணக்காக ஓடும். எண்ணெயே இல்லாமல் சில நிமிஷம் தாங்கினால் அதிகம்.

காகிதத்தை மட்டும் சோதிக்கும்போது இந்த வால்வு நடுவில் திறந்து கணக்கைக் கெடுக்கக்கூடாது. அதனால் சோதனைக்குப் போகிற ஃபில்டர்களில் வால்வைப் பசை வைத்து அடைத்துவிடுவோம். அடைப்பவள் நான்தான். ஊசியால் பசையை உள்ளே விட்டு ஒருநாள் காயவிட்டால் ஸ்பிரிங் செத்துவிடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால், மகள் வீட்டில் விட்டுப்போன நெயில் பாலிஷை எடுத்துவந்து அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பது என் வழக்கம். போன மாதம் ஆறு ஃபில்டர்களை அடைத்தேன். அன்று பார்த்து நெயில் பாலிஷ் காய்ந்துபோயிருந்தது. அடைத்தது என்பதற்கு அடையாளமாகப் பென்சிலால் ஒரு 'அ' போட்டேன். நான்கைச் சோதித்தோம், மீதி இரண்டையும் தட்டில் வைத்தேன். அடுத்த வாரம் வெளியிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்றதும், தட்டெல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று துணியில் பெயிண்ட் தின்னரைத் தொட்டு ஒவ்வொரு ஃபில்டராகத் துடைத்து அடுக்கினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்குத்தான் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தூசியோடு 'அ'வும் போயிருக்கிறது, இன்று அந்த இரண்டையும் தேடியபோதுதான் தெரிந்தது.

அந்த வாரம்தான் வீட்டுக்கு ஒரு ஃபில்டர் எடுத்துப் போனேன். ஊழியர்கள் வருஷத்துக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம், ரெஜிஸ்டரில் எழுதினால் போதும். அன்று நான்கு மணிக்கு என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கை போன தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவர் டாக்ஸி ஓட்டுகிறார், சொந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றும்போது அந்த ஃபில்டரை அவரே படுத்துக்கொண்டு மாட்டினார். அதாவது இருபது நாளாக, ஒவ்வொரு விடியற்காலையும், குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்கு எண்ணெய் போகிற வழியில் நான் வைத்த பசை உட்கார்ந்திருக்கிறது. நாளை காலை அவர் மலைக்குச் சவாரி போகிறார். இரண்டு நாள் தங்கல். அந்தக் குளிரில் எண்ணெய் எப்படி உறையும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். அந்த வண்டி நின்றுபோனால் அவரும் நின்றுபோவார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடிப்போய் சொல்ல வேண்டியதுதானே என்று தோன்றும். சொல்லலாம். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லி எட்டு மாதமாகிறது. எனக்கு எப்படிச் சொல்வது என்றே மறந்துவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். டாக்டர் மூன்று நாள் தூங்காத முகத்தோடு, எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அதிர்ச்சியா எதுவும் சொல்லாதீங்க, ஒரு ரெண்டு மாசத்துக்கு" என்றார். அதில் முதல் பாதிதான் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து வீட்டுக்குள் வருகிற எல்லாவற்றையும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். மகளுக்கு வேலை போனதைச் சொல்லவில்லை, வேறு வேலை கிடைத்ததும் "மாறிட்டா" என்று மட்டும் சொன்னேன். அவர் தம்பியின் கடிதத்தை நான் படித்து, நல்ல வரிகளை மட்டும் வாய்மொழியாகச் சொன்னேன். செய்தி ஓடும்போது சேனலை மாற்றினேன். என் கால்வலியைக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எங்களுக்குள் பேச எதுவுமே மிச்சமில்லாமல் போய்விட்டது. சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டையும் ஆபீசையும் ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன், அந்த வீட்டில் வடிகட்டுவதில் நான் தொண்ணூற்றொன்பது சதவீதம் எடுத்திருந்தேன்.

இதில் பெரிய பொய் ஒன்று உண்டு. டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ நண்பர் ஒருவர். இவர் அவரை நெட்டை என்பார், நான் நெட்டை அண்ணன் என்பேன். இவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றின செவ்வாய்க்கிழமை நெட்டை அண்ணன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வார்டில் கண் விழித்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "நெட்டை வரலையா?" அவர் வெளிநாட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு ஏற்றபடி அப்புறம் ஒரு வாழ்க்கையே அமைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், காலையில் நடக்கிறார், முட்டிவலி குறைந்திருக்கிறது, நாம் விழித்திருக்கும் நேரம் அங்கே தூங்கும் நேரம், அதனால்தான் என்னிடம் மட்டும் ஆபீசில் இருக்கும்போது பேசுகிறார். பாவம், உயிரோடு இருந்தபோது வாய்க்காத சௌகரியமெல்லாம் என் வாயால் அவருக்கு வாய்த்தது. இவர் மறுபடி வண்டி எடுக்க ஆரம்பித்தபோது, ஸ்டாண்டில் வெயிலில் நிற்க வேண்டாம், ஃபோனில் வருகிற விடியற்காலைச் சவாரி மட்டும் போதும், பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன், டாக்டர் இல்லை. நாளைய மலைச் சவாரிக்குத்தான் முதல்முறையாக அதை மீறிச் சம்மதித்திருந்தேன்.

மேஜை நிறைய ஃபில்டரை வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தபோது தொண்ணூற்றொன்பது உள்ளே வந்தார். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியில் 99% என்று போட வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. புதுக் காகிதம் அந்த எண்ணைத் தொட்டுவிட்டது, வால்வை அடைத்தபோது. வால்வைத் திறந்துவிட்டு, எண்ணெயைக் குளிரவைத்துச் சோதித்தால் கதை வேறு. அதை ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், ஒரு கையெழுத்து."

"சார், அந்தக் கடைசி வரியைக் காணோமே. குளிர்ல மொத ஏழு நிமிஷம் வால்வு திறந்தேதான் கெடக்கு. அந்த ஏழு நிமிஷமும் நம்ம காகிதம் இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு."

"பெட்டில ஒரு நம்பருக்குத்தான் எடம் இருக்கு மேடம்." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் தெரியாதா? கண்ணைப் பெருசாக்கினா அழுக்கு போகுதுங்கறாங்க. சின்னதாக்கினா எண்ணெய் போகலங்கறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு காகிதம் வேணும்னா ஆறு மாசம் குடுங்கன்னு கேட்டேன். ஆறு நாள் குடுத்திருக்காங்க."

அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. சட்டைப்பையில் பேனா கசிந்து நீலமாகப் பரவியிருந்தது, அதுகூடத் தெரியாமல் இருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. அடைத்த ஃபில்டர் ஒன்று தப்பிவிட்டது, அது என் வீட்டுக்காரர் வண்டியில் இருக்கிறது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஒரு நம்பருக்காகத் தலையைக் கொடுக்கிற ஆள்தான். ஆனால் எஞ்சின் தெரிந்தவர்.

"எத்தனை நாளா ஓடுது?"

"இருபது நாள்."

"குளிர்லயா ஸ்டார்ட் பண்றாரு?"

"தினமும் விடியக்காலைல."

எழுந்து, மேஜையில் இருந்ததில் ஒன்றை எடுத்து, கம்பியை விட்டு மூன்று தடவை அழுத்தினார். டிக், டிக், டிக். ரெஜிஸ்டரை அவரே எடுத்து என் பெயரை எழுதி, ஃபில்டரை ஒரு பழைய காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். "கெளம்புங்க மேடம். கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மேஜையில் மிச்சமிருந்த ஃபில்டர்களை அவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே பெரிய விஷயம். மடியில் ஃபில்டரை வைத்துக்கொண்டு பொய் யோசித்தேன். எனக்கு இப்போதெல்லாம் பொய் யோசிக்க அதிக நேரம் ஆவதில்லை. கம்பெனியில் புது மாடல் கொடுத்தார்கள், பழையதைவிட நன்றாக இருக்கிறதாம், போவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காது. இரண்டு ஸ்டாப் வருவதற்குள் தயாராகிவிட்டது. மூன்றாவது ஸ்டாப்பில் அதைச் சொல்லிப் பார்த்தேன், வார்த்தை பிசிறாமல் வந்தது. அப்போது எனக்கே என்மேல் ஒரு அலுப்பு வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. நாளெல்லாம் சுமந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாத அலுப்பு.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயணத்துக்கான பை பின்சீட்டில் தயாராக இருந்தது. மாத்திரை டப்பாவைப் பைமேல் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தார். வெயில் இறங்கி, எதிர்வீட்டுச் சுவரில் மட்டும் மிச்சம் இருந்தது.

"என்னங்க, ஆபீசுல புது ஃபில்டர் ஒண்ணு குடுத்தாங்க. பழசவிட நல்லாருக்காம். போறதுக்கு முன்னாடி மாத்திடுங்களேன்."

"போட்டு மூணு வாரம்கூட ஆகல. போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

"மலை ஏறப் போறீங்க இல்ல..."

"மலை ஏறப்போறது வண்டி. ஃபில்டருக்கு என்ன வந்துச்சு?" துணியை உதறினார். "நெட்டை இருந்தா சொல்லுவான், பொண்டாட்டி ஃபில்டர் கம்பெனில இருந்தா வாரம் ஒண்ணு மாத்திட்டே இருக்கணும்டான்னு."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. "நேத்துகூடப் பேசினார். உங்களத்தான் விசாரிச்சார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பு கூசியது. செத்துப்போன மனுஷனை எட்டு மாதமாகத் தூங்கவிடாமல் ஃபோன் பேச வைத்துக்கொண்டிருக்கிறேன். இவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "நல்லாருக்கானாமா?" என்று மட்டும் கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த ஃபில்டர்ல வால்வு அடைச்சிருக்கு" என்றேன்.

துணி நின்றது. "எந்த ஃபில்டர்?"

"வண்டில இருக்கறது. டெஸ்ட்டுக்காக அடைச்சது. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். குளிர்ல எண்ணெய் போகாது. இருபது நாளா சரியாப் போயிருக்காது."

"யாரு அடைச்சா?"

"நான்தான்."

என் கண் தானாக அவர் நெஞ்சுக்குப் போயிற்று. எட்டு மாதமாக அப்படித்தான், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நெஞ்சைப் பார்ப்பேன். சட்டை பொத்தான் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துணியை நாலாக மடித்து பானட்மேல் வைத்தார்.

"ஓ. அதான் லைட்டா."

"என்ன லைட்டு?"

"காலைல ஸ்டார்ட் பண்ணா ஆயில் லைட்டு அணைய மாட்டேங்குது. பத்து, பன்னெண்டு செகண்டு எரியுது. மேல தட்டுற சத்தம் வேற. கொஞ்சம் ஓடினா சரியாயிடுது."

"எப்பலேருந்து?"

"மாத்துன மறுநாள்லேருந்து."

எனக்குச் சுர்ரென்று வந்தது. தப்பு என்னுடையது என்பதெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. "ஆயில் லைட்டு எரிஞ்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷமா வண்டி ஓட்டறீங்க! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருக்கலாம். நான் அந்தக் கம்பெனிலதானே குப்பை கொட்டறேன்? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவ. அப்புறம் வண்டியத் தொடவே விடமாட்ட."

"அதுக்காக இருபது நாளா வாயைத் தெறக்காம இருப்பீங்களா?"

"நான் இருபது நாளு" என்றார். "நீ எட்டு மாசம்."

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் போய்விட்டிருந்தது. யாரோ தெருவில் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோணியை விரித்து, பழைய பேசினை எடுத்துக்கொண்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மெதுவாகப் படுத்தார். அந்த உடம்போடு அவர் படுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"வண்டி எடுத்த மொத நாளே ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். அவன் வண்டி நிக்கற எடத்துல எவனோ பைக்க நிறுத்தி வச்சிருந்தான். எடுடான்னு கத்துனேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க."

என் கண்முன்னால் அந்த இடம் வந்தது. மரத்தடியில் முதல் வண்டி எப்போதும் நெட்டை அண்ணனுடையது. அங்கே நின்று இவர் கத்தியிருக்கிறார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, கை கால் கழுவி, நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கும் நான் நெட்டை அண்ணன் விசாரித்ததாகச் சொல்லியிருப்பேன். அந்த நாள் எது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்ததில் அது எங்கேயோ கலந்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் தெனம் கேட்டீங்க, நெட்டை நல்லாருக்கானான்னு?"

ஃபில்டர் கழன்று பேசினில் எண்ணெய் விழும் சத்தம் கேட்டது. "நீ சொல்றது நல்லாருந்துச்சு" என்றார். "காலைல வாக்கிங் போறான்னு சொன்ன பாரு. இருபத்திரண்டு வருஷத்துல அவன் வண்டிய விட்டு எறங்கி நடந்து நான் பாத்ததில்ல. எதிர்க்கடைக்குக்கூட ஹாரன் அடிச்சுத்தான் டீ வாங்குவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியிலேயே மற்றதும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் வெளியே உருண்டு வந்து எழுந்து உட்கார்ந்து, கழற்றின ஃபில்டரைப் பேசினுக்குமேல் கவிழ்த்துப் பிடித்தார். எண்ணெய் கறுப்பாக ஒழுகி, கயிறாகி, பிறகு சொட்டாயிற்று. நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்த கம்பியை வாங்கி உள்ளே விட்டு அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். "நல்லாத்தான் அடைச்சிருக்க" என்றார். கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை.

பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "என்னைக்குப் போனான்?"

"செவ்வாக்கெழமை. உங்கள வார்டுக்கு மாத்தினாங்கல்ல, அன்னைக்கு."

"நீ போனியா?"

"போனேன். ஒரு கால் மணி நேரம். நர்சுகிட்ட மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"எப்படி இருந்தான்?"

"தூங்கறாப்பலதான் இருந்தார். நீலச் சட்டை. கட்டில்ல கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதுமேல காலை வச்சாங்க."

"நெட்டப்பய" என்றார். சொட்டு விழுவது நின்றிருந்தது, அவர் இன்னும் ஃபில்டரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா? முந்தின நாளு, யார்கிட்டயாவது?"

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே, என்றாவது ஒருநாள் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால் கூடவே சொல்வதற்கென்று எடுத்து வைத்த பதில். கடைசியாக உங்களைத்தான் கேட்டாராம். அவன் எழுந்து வந்துடுவான்னு சொன்னாராம். நல்ல வாக்கியம். தூசி தும்பு இல்லாதது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லங்க" என்றேன். "எதுவும் சொல்லலையாம். சாப்பிட்டார், படுத்தார். அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். நெஞ்சைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். முகம் கோணிக்கொண்டு போயிற்று. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கப் போனார், கையைப் பிடித்துக்கொண்டு என் முந்தானையைக் கொடுத்தேன். இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் எட்டு மாதம் இதைப் பிடித்து வைத்திருந்தேன். ஆகலாம், இப்போதும் ஆகலாம். பயம் போகவில்லை. ஆனால் அவர் அழுதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

புது ஃபில்டரை நான் எடுத்துக் கொடுத்தேன். முதலில் கம்பியை விட்டுப் பார்த்தார். டிக். அதன் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவி, மறுபடி அடியில் போய் மாட்டிவிட்டு வந்தார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் பிடிக்க மாட்டார், நானே எழுந்துகொள்வேன் என்பார்.

"லைட்டு சட்டுன்னு அணைஞ்சா நாளைக்குப் போறேன்" என்றார். "இல்லன்னா அவங்கள வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடறேன். உள்ள என்ன தேய்ஞ்சிருக்கோ."

"மொத தடவை நேரமாகும். காலி ஃபில்டர் நெரம்பணும்."

"தெரியும். உக்காரு."

முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வண்டியில் நான் முன்னால் உட்கார்ந்து வெகுநாளாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூடப் பின்னால் பைகளோடுதான். சீட்டில் அவர் உடம்பு வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. காலை நீட்டிச் செருப்பைக் கழற்றினேன். கணுக்காலில் வார் பதிந்த தடத்தை அவர் பார்த்தார்.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா வீங்குது. சாயங்காலமானா."

"ம்" என்றார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு இருமலோடு பிடித்தது. மேலே தடதடவென்று அந்தச் சத்தம், அவர் சொன்ன சத்தம், இப்போதுதான் நான் கேட்கிறேன். டாஷ்போர்டில் குவளையிலிருந்து ஒரு சொட்டு விழுகிற மாதிரி படம் போட்ட விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறவள், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"யார் யார் வந்திருந்தாங்க?" என்றார், விளக்கைப் பார்த்தபடியே.

"ஸ்டாண்டுல எல்லாரும் வந்திருந்தாங்க. வண்டியத் தெருக்கோடி வரைக்கும் வரிசையா நிறுத்திட்டாங்க. அவர் மக வர முடியல, ஃபோன்ல பாத்துக்கிட்டே இருந்துச்சு. அந்த ஃபோனை யாரு பிடிக்கறதுன்னு தெரியாம..." விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஐந்து ஆகியிருந்தது.

"நிறுத்தாத" என்றார். ஒரு கை ஸ்டியரிங்மேல் இருந்தது. இன்னொரு கையை என் முட்டிமேல் வைத்தார், எண்ணெய்க் கறையோடு. "எதையும் விடாம சொல்லு."

"ஃபோனை யாரு பிடிக்கறதுன்னு தெரியாம என் கையில குடுத்தாங்க" என்றேன். "நான்தான் பிடிச்சிட்டு நின்னேன்." ஆறு. தடதடப்பு குறைந்ததா, எனக்குத்தான் பழகிவிட்டதா என்று தெரியவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு பேரும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.